தோல்வியும் பொறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

பலர் கூடிச் செய்யும் கருமமொன்று கைகூடாது போகுமிடத்து, அத்தோல்வி எவரைச் சாரும் என்னும் வினா அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்றாகும். வெற்றியைப் பங்கிட்டுக்கொள்வதில் மனிதர்க்குப் பெரிய இடர்ப்பாடு இருப்பதில்லை. தோல்வியைப் பங்கிடும்போதே நீதி பற்றிய ஐயங்கள் எழுகின்றன. போரிலும் அரசியலிலும் தொழிற்சாலையிலும் இவ்வினாவுக்குத் தெளிவான விடை காண்பது அரிது. அங்கே காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உண்மைகள் பல வெளிவருவதில்லை. விளையாட்டிலோ யாவும் பலரறிய நிகழ்கின்றன. நிகழ்ந்தவை எண்ணிப் பதியப்படுகின்றன. அதிலும், ஐக்கிய அமெரிக்காவின் தொழில்முறைப் பேஸ்போல் ஆட்டமானது, அணி முழுவதும் அடைந்த தோல்வியை ஒரேயொரு மனிதரின் பெயருக்கு எதிரே எழுதிவைக்கும் வழக்கத்தை நூறாண்டுகளுக்கு மேலாகக் கைக்கொண்டு வந்துள்ளது. அம்மனிதர் அணியின் பந்துவீச்சாளர். ஆதலின், கூட்டுத் தோல்வியில் தனிமனிதப் பொறுப்பு யாதென ஆராய விரும்புவோர்க்கு, தொடர்ந்து தோற்ற பேஸ்போல் அணியொன்றின் பந்துவீச்சாளர்கள் சிறந்த எடுத்துக்காட்டாக அமைகின்றனர்.

கிரிக்கெற் ஆட்டத்தை அறிந்தோர்க்கு இவ்வழக்கம் சற்று விசித்திரமாகவே தோன்றும். கிரிக்கெற்றில் பந்துவீச்சாளர் வீழ்த்திய விக்கெற்றுகளும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களும் அவர் பெயரில் பதியப்படுகின்றன. ஆட்டத்தின் தோல்வி அணியின் பெயரிலேயே பதியப்படுகின்றது. பேஸ்போலிலே தோல்விக்கும் தனியொருவர் குறிக்கப்படுகின்றார். எதிரணி எந்த ஓட்டத்தினால் முன்னிலை பெற்று, ஆட்டம் முடியும்வரை அம்முன்னிலையை இழக்காதிருக்கின்றதோ, அந்த ஓட்டத்தைப் பெற்றவர் தளத்தை அடைவதற்குப் பொறுப்பாயிருந்த பந்துவீச்சாளரே 'தோற்றவர்' எனக் கணக்கிடப்படுவார். அவருடைய சகாக்கள் களத்தடுப்பில் இழைத்த தவறுகளால் அவ்வோட்டம் பெறப்பட்டிருப்பினும் விதி மாறுவதில்லை. அவருடைய அணி ஓர் ஓட்டமேனும் பெறாதிருப்பினும் விதி மாறுவதில்லை. அமெரிக்கன் லீக் எனப்படும் பிரிவில் 1973ஆம் ஆண்டு தொடக்கம் பந்துவீச்சாளருக்குப் பதிலாக வேறொருவர் துடுப்பெடுத்தாடும் முறை நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அப்பிரிவின் பந்துவீச்சாளர் தம் அணிக்கு ஓட்டம் ஈட்டித்தரும் வாய்ப்பையும் பெரும்பாலும் இழந்தார். இருப்பினும் தோல்விக்கு எதிரே எழுதப்படுவது அவர் பெயரே.

இவ்விதி எவ்வளவு கடுமையாக அமையக்கூடும் என்பதற்கு 1959ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் திகதி மில்வோக்கி நகரில் நடைபெற்ற ஆட்டம் சான்றாகும். பிற்ஸ்பேர்க் அணியின் பந்துவீச்சாளரான ஹாவி ஹடிக்ஸ், வழமையான ஒன்பது இன்னிங்ஸ்களையும் கடந்து பன்னிரண்டு இன்னிங்ஸ்களில், தமக்கு முன் வந்த 36 ஆட்டக்காரர்களையும் ஒருவரேனும் முதலாம் தளத்தை அடையாதவாறு ஆட்டமிழக்கச் செய்தார். அவருடைய அணியினர் எதிரணிப் பந்துவீச்சாளரான லூ பேர்டெற் வீசிய பந்துகளைப் பன்னிரண்டு தடவை வெற்றிகரமாக அடித்திருந்தும், ஓர் ஓட்டமும் பெறவில்லை. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் ஹடிக்ஸின் சகாவொருவர் பந்தைத் தவறாக எறிந்தமையால் எதிரணியினர் ஒருவர் தளமடைந்தார். பின்னர் ஜோ அட்கொக் அடித்த அடியினால் ஆட்டம் ஒன்றுக்குப் பூச்சியம் என முடிவுற்றது. வெற்றி பேர்டெற்றின் பெயரிலும் தோல்வி ஹடிக்ஸின் பெயரிலும் எழுதப்பட்டன. பேஸ்போல் வரலாற்றில் அதுவரை எவரும் செய்திராத காரியத்தைச் செய்தவருக்கு அன்றைய தினம் ஏட்டில் கிடைத்தது ஒரு தோல்வி.

ஹடிக்ஸின் கதை ஒரு நாளின் கதை. ஒரு பருவம் முழுவதும் இத்தகைய நிலையில் நிற்க நேர்ந்தவர்களின் கதை வேறு. 2003ஆம் ஆண்டு டெற்றோயிற் ரைகேர்ஸ் அணி 162 ஆட்டங்களில் 43இல் மாத்திரம் வென்று 119இல் தோற்றது. பருவத்தின் முதல் ஒன்பது ஆட்டங்களிலும் அவ்வணி தோல்வி கண்டது. பருவம் முழுவதிலும் அது பெற்ற ஓட்டங்கள் 591, விட்டுக்கொடுத்தவை 928. அவ்வாண்டு அமெரிக்காவின் இரு பெரும் பிரிவுகளிலும் மிக அதிகமான தோல்விகளைத் தம் பெயரிற் கொண்ட முதல் மூவரும் இந்த ஓரணியைச் சேர்ந்தவர்களே. மைக் மறோத் 21 ஆட்டங்களிலும், ஜெறெமி பொண்டர்மன் 19 ஆட்டங்களிலும், நேற் கோனேஜோ 17 ஆட்டங்களிலும் தோற்றவராகப் பதியப்பட்டனர். பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடக்கிவைத்தவரும் மறோத்தே. அவர் 33 ஆட்டங்களைத் தொடக்கினார்.

பேஸ்போல் உலகில் இருபது என்பது அஞ்சப்படும் ஓர் எண். ஒரு பருவத்தில் இருபது ஆட்டங்களை வென்றவர் போற்றப்படுவது போலவே, இருபது ஆட்டங்களைத் தோற்றவர் இரக்கத்துடனோ இகழ்ச்சியுடனோ நினைக்கப்படுகின்றார். 1980ஆம் ஆண்டு ஓக்லண்ட் அணியின் பிறையன் கிங்மன் இருபது தோல்விகளை அடைந்தார். அதன்பின் 23 ஆண்டுகளாக எவரும் அவ்வெண்ணை எட்டவில்லை. பத்தொன்பதுடன் பருவத்தை முடித்தவர் சிலர் இருந்தனர். மறோத் பத்தொன்பது தோல்விகளின் பின்னரும் தம் முறை வந்தபோது பந்தெறியச் சென்றார். செப்டெம்பர் மாதத்தில் றொறன்ரோ நகரில் இருபதாவது தோல்வி அவரை வந்தடைந்தது. அதன்பின்னரும் அவர் பந்தெறிந்தார். இருபது வயதே நிரம்பிய பொண்டர்மனோ பத்தொன்பதாவது தோல்வியின் பின் ஆட்டங்களைத் தொடக்கிவைக்கும் வரிசையிலிருந்து கழகத்தினரால் நீக்கப்பட்டார். ஒருவர் அவ்வெண்ணைக் கடந்து சென்றார்; மற்றவர் அதனைச் சந்திக்காதவாறு காக்கப்பட்டார். இவ்விரு செயல்களில் எது அறத்தின்பாற்பட்டது? ஆழ்ந்து நோக்குமிடத்து, இவ்வினா பேஸ்போலுக்கு மாத்திரம் உரியதன்று.

முதலில் எழக்கூடிய விடை, அந்த எண்ணே பொருளற்றது என்பதாகும். ஓர் அணியின் தோல்வியை ஒருவர்மீது சுமத்துதல் அநீதி. அநீதியான அளவுகோலை எவரும் பொருட்படுத்த வேண்டியதில்லை என இக்கருத்தினர் வாதிடுவர். இவ்வாதத்துக்கு வலிமை உண்டு. அண்மைக்கால ஆய்வாளர்களும் இதனை ஏற்கும் நிலைக்கு வந்துள்ளனர். 2018ஆம் ஆண்டு நியூயோர்க் மெற்ஸ் அணியின் ஜேக்கப் டிகுறோம் 10 ஆட்டங்களில் மாத்திரம் வென்று 9இல் தோற்றார். எனினும் ஒன்பது இன்னிங்ஸ்களுக்குச் சராசரியாக 1.70 ஓட்டங்களையே அவர் விட்டுக்கொடுத்தமையால், அவர் ஆடிய பிரிவின் தலைசிறந்த பந்துவீச்சாளருக்குரிய சை யங் விருது அவருக்கே வழங்கப்பட்டது. முந்திய தலைமுறையினர் வெற்றி தோல்விகளின் எண்ணிக்கைக்கு அளித்த முதன்மை இன்று குறைந்துவிட்டது.

மெய்யியலில் இவ்விடைக்கு ஒப்பான கொள்கைகள் இரண்டு உள்ளன. காண்ட் 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நல்லெண்ணத்தின் பெறுமதி அது விளைவிக்கும் பயனைச் சார்ந்ததன்று என வலியுறுத்தினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட ஸ்தோயிக்கர்களின் கருத்தைச் சிசெறோ வில்லாளியின் உவமையால் விளக்கினார். குறிதவறாது எய்வதற்கு வேண்டிய யாவற்றையும் செய்தலே வில்லாளியின் நோக்கம்; அம்பு இலக்கிற் படுதல் விரும்பத்தக்கதாயினும் அதுவே இறுதிப் பேறன்று. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைக் காற்று அலைக்கழிக்கலாம், இலக்கு அசையலாம். பந்துவீச்சாளரின் நிலையும் இதுவே. கையிலிருந்து பந்து நீங்கியபின் அது அடிப்பவரின் திறனையும், களத்தில் நிற்போரின் விழிப்பையும், சில வேளைகளில் காற்றையும் சார்ந்தது. பயனைக் கருதாது கடமையைச் செய்தல் வேண்டுமென்ற கீழைத்தேயக் கொள்கையும் இங்கு நினைவுக்கு வரும்.

ஆயினும் இவ்விடை முழுமையானதன்று. இதற்கு எதிரான காரணங்கள் இரண்டு. முதலாவது, தோற்ற அணியின் பந்துவீச்சாளர் முற்றிலும் குற்றமற்றவராக இருப்பது அரிது. மறோத் ஹடிக்ஸ் அல்லர். அவ்வாண்டில் ஒன்பது இன்னிங்ஸ்களுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.73 ஆகும். இது சிறந்த பந்துவீச்சின் அளவன்று. நலிந்த அணியிலிருந்தும் ஒருவர் வெல்லக்கூடும் என்பதற்கு 1972ஆம் ஆண்டு பிலடெல்பியா அணியில் ஆடிய ஸ்டீவ் கால்ற்றன் சான்று. அவ்வணி பெற்ற வெற்றிகள் 59; அவற்றுள் 27 அவருடையவை. எனவே அணியையே முழுவதும் குறைகூறித் தனிமனிதரை விடுவிப்பது உண்மைக்குப் பொருந்தாது. அணியின் வலுவின்மையும் பந்துவீச்சாளரின் குறைபாடும் எங்கே பிரிகின்றன என்று கோடு கிழித்துக் காட்டுதல் இயலாது. வாழ்க்கையில் நிகழும் பெரும்பாலான தோல்விகளின் இயல்பும் அதுவே.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. விளைவு தம்மைச் சாராது என உண்மையாகவே நம்பும் மனிதரிடத்தில் ஏதோ ஒன்று குறைவதாகவே பலரும் உணர்வர். பேர்ணாட் வில்லியம்ஸ், தோமஸ் நேகல் ஆகிய மெய்யியலாளர்கள் 1976ஆம் ஆண்டு ஆராய்ந்த 'ஒழுக்கநெறியில் தற்செயல்' என்னும் பிரச்சினை இதனோடு தொடர்புடையது. தம் தவறு ஏதுமின்றி ஒரு குழந்தையை மோதிக் கொன்றுவிட்ட லொறிச் சாரதியை வில்லியம்ஸ் எடுத்துக்காட்டினார். அவர்மீது குற்றமில்லை என்று அயலார் ஆறுதல் கூறுவர். அவ்வாறு கூறுதல் முறையே. ஆனால் அச்சாரதி அவ்வாறுதலை உடனே ஏற்று, 'என் தவறன்று' எனச் சொல்லி அமைதியடைந்துவிடுவாராயின், அவரைப் பற்றி ஐயம் எழும். செய்தவர் என்ற முறையில் அவருக்கு உண்டாகும் வருத்தம், பார்த்து நின்றவரின் வருத்தத்தினின்றும் வேறுபட்டது. ஒரு தோல்வியையும் ஓர் உயிரிழப்பையும் ஒப்பிடுதல் தகாது. எனினும் இரண்டிலும் காணப்படும் உறவு ஒன்றே. பந்து அவருடைய கையிலிருந்து சென்றது. குற்றம் அவருடையதன்று எனினும், செயல் அவருடையது.

இங்கே குற்றம், பொறுப்பு என்னும் இரண்டையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகின்றது. குற்றம் என்பது கடந்ததை நோக்கியது. யார் பிழைத்தார் எனக் கேட்பது. பொறுப்பு என்பது ஒருவர் வகிக்கும் இடத்தைப் பற்றியது. யார் முன்வந்து விடைசொல்வார் எனக் கேட்பது. பிழைக்காத ஒருவரும் விடைசொல்லும் கடப்பாடு உடையவராகலாம். தோல்வியைப் பந்துவீச்சாளரின் பெயரில் எழுதும் வழக்கம் குற்றத்தீர்ப்பாகக் கொள்ளப்படுமாயின் அது அநீதியே. அன்று அந்த இடத்தில் நின்றவர் இவர் என்ற பதிவாகக் கொள்ளப்படுமாயின் அதில் உண்மை உண்டு. ஊழ் என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் அமைத்த திருவள்ளுவர், பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தையும் அமைத்தமை ஈண்டு கருதத்தக்கது. தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை உண்டென்ற அறிவும், தம் முயற்சிக்குத் தாமே உரியர் என்ற அறிவும் ஒருவரிடத்தில் ஒருங்கே இருத்தல் கூடும், இருத்தலும் வேண்டும்.

இப்பதிவின் பொருளை நன்கு விளங்கிக்கொள்ள வேறொரு செய்தியும் உதவும். பேஸ்போல் வரலாற்றில் மிக அதிகமான ஆட்டங்களில் தோற்ற பந்துவீச்சாளர் யார் என வினவினால், கிடைக்கும் விடை சை யங் என்பதாகும். மிக அதிகமான ஆட்டங்களில் வென்றவரும் அவரே. அவர் பெற்ற 511 வெற்றிகளை எவரும் அணுகவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட அவருடைய தோல்விகளையும் எவரும் எட்டவில்லை. சிறந்த பந்துவீச்சாளருக்கான விருது அவர் பெயரையே தாங்கியுள்ளது. பல தடவை தோற்பதற்கு முதலில் பல தடவை நம்பப்பட வேண்டும். 1962ஆம் ஆண்டு புதிதாகத் தோன்றி, 40 வெற்றிகளும் 120 தோல்விகளும் கண்ட நியூயோர்க் மெற்ஸ் அணியில் மிக அதிகமாக, அதாவது 24 ஆட்டங்களில், தோற்றவர் றோஜர் கிறேக். அவ்வணியில் மிக அதிகமாக, அதாவது 10 ஆட்டங்களில், வென்றவரும் அவரே. அடுத்த ஆண்டில் அவர் தொடர்ந்து 18 ஆட்டங்களில் தோற்றார். அப்போதும் பந்து அவர் கையிலேயே கொடுக்கப்பட்டது. 2003இன் டெற்றோயிற் அணியிலும் இவ்வாறே: 21 தோல்விகளுக்கு உரிய மறோத், 9 வெற்றிகளுடன் அணியின் முதல்வராகவும் விளங்கினார். திறமையற்றவருக்கு இருபது தோல்விகள் வாய்ப்பதில்லை. அதற்கு முன்பே அவர் விலக்கப்பட்டுவிடுவார். ஆகவே, இழிவின் அடையாளமாகக் கருதப்படும் எண், நம்பிக்கைக்கு உரியவராயிருந்தமையின் அடையாளமுமாகும்.

இந்நோக்கிலே பொண்டர்மனை விலக்கிய செயலை மதிப்பிடலாம். இளம் வீரரின் கையையும் மனத்தையும் காப்பது கழகத்தின் கடமை; அதனைக் குறைகூற இயலாது. ஆனால், சிறு அணிகளின் கீழ்ப்படியிலிருந்து இடைப்படிகளைக் கடக்காமலே அவரை நேராகப் பெரும் பிரிவுக்குக் கொணர்ந்து, தோற்கும் அணியின் நடுவில் நிறுத்தியதும் அதே கழகம். பத்தொன்பது தோல்விகள் வரை தோன்றாத இரக்கம் இருபதாவதன் வாயிலில் தோன்றியதாயின், காக்கப்பட்டது மனிதரா, எண்ணா என்ற ஐயம் எழுவது இயல்பு. பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் இடையே அற அடிப்படையில் வேறுபாடு எதுவுமில்லை. எண்ணுக்கு அஞ்சி ஒருவரை மறைப்பது, அவ்வெண் உண்மையிலேயே இழிவானது என அவருக்குக் கற்பிப்பதாகவும் முடியலாம். 2006ஆம் ஆண்டு அதே அணி உலகத் தொடரின் இறுதிப்போட்டிவரை சென்றபோது, நியூயோர்க் யாங்கீஸ் அணியை வெளியேற்றிய ஆட்டத்தில் பொண்டர்மன் வென்றார். அவ்வெற்றியைக் காட்டி 2003இன் முடிவு சரியானது என வாதிடுதலும் பொருந்தாது. பின்னர் நேர்ந்த நற்பயனால் முன்னைய செயலை நியாயப்படுத்துவது, தற்செயலுக்கே மீண்டும் தீர்ப்பை ஒப்படைப்பதாகும்.

இவ்வாறு கூறுமிடத்து ஓர் ஆபத்தும் மனங்கொள்ளத்தக்கது. தாங்கிக்கொள்ளுதலைப் போற்றும் அறம், தாங்கவைப்போருக்குப் பெரிதும் வசதியானது. அணியைத் தெரிவு செய்தவரும், வீரர்களை வாங்கி விற்றவரும், செலவைக் குறைத்தவரும் தோல்வி ஏட்டில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு மாலையும் களத்தின் நடுவே உயர்ந்த மண்மேட்டில் நிற்பவரின் பெயரே அங்கு எழுதப்படுகின்றது. 2024ஆம் ஆண்டு சிக்காகோ வைற் சொக்ஸ் அணி 121 ஆட்டங்களில் தோற்று மெற்ஸ் அணியின் பழைய எண்ணிக்கையையும் கடந்தபோதும், தோல்விகள் பந்துவீச்சாளர்களுக்கிடையேதான் பங்கிடப்பட்டன. மேலேயிருந்து எடுக்கப்படும் முடிவுகளின் பயனைக் கீழேயிருந்து உழைப்பவர் சுமக்கும் ஒழுங்கு விளையாட்டில் மாத்திரம் காணப்படுவதன்று. ஆதலின், பந்துவீச்சாளரின் பொறுமையைப் போற்றுவோர், அப்பொறுமையைத் தேவையாக்கிய ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்தும் கடப்பாட்டையும் உடையவராவர். பொறுப்பேற்றல் ஒருவர் தாமே மனமுவந்து செய்யுமிடத்து அறமாகும்; பிறர் தம் குற்றத்தை மறைப்பதற்காக அதனை அவர்மேற் சுமத்துமிடத்து அது சுரண்டலாகும். இவ்விரண்டிலும் எழுதப்படும் எண் ஒன்றே; அறநிலை வேறு.

இந்த வேறுபாட்டைக் கொண்டே மறோத்தின் செயலின் பெறுமதியை உணரலாம். இருபதாவது தோல்வியால் அணிக்குப் பெருமை வரப்போவதில்லை. அதனைத் தவிர்த்திருந்தாலும் எவரும் அவரைக் குறைகூறியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் விலகினால், அவருக்குரிய ஆட்டத்தை வேறொருவர் ஏற்கவேண்டும்; தோல்வி நேருமாயின் அதுவும் அவரைச் சாரும். தோல்வி மறைவதில்லை, கைமாறுவதே நிகழ்கின்றது. தம் முறையைத் தாமே ஏற்பவர் செய்வது இக்கைமாற்றத்தை மறுப்பதாகும். வீரம் என்று உரத்துப் பேசுவதற்கு அதில் எதுவுமில்லை. ஐந்து நாள்களுக்கு ஒரு முறை சென்று, இயன்றவரை நன்றாகப் பந்தெறிந்து, முடிவைத் தம் பெயரில் எழுத விடுதலே அது. 2003இன் பின் 2025ஆம் ஆண்டுப் பருவம் முடியும்வரை வேறெவரும் ஒரு பருவத்தில் இருபது தோல்விகளை அடையவில்லை.

அப்பருவத்தின் இறுதி ஆட்டம் செப்டெம்பர் 28ஆம் திகதி மினசோற்றா அணிக்கு எதிராக நடைபெற்றது. டெற்றோயிற் அணி அதுவரை 119 ஆட்டங்களில் தோற்றிருந்தது. இன்னொன்றில் தோற்றிருப்பின் 1962இன் மெற்ஸ் அணி தோற்ற 120 என்ற எண்ணிக்கையை அது சமன்செய்திருக்கும். அன்றைய பந்துவீச்சாளர் மறோத். அணி ஒன்பதுக்கு நான்கு என வென்றது. இவ்வெற்றியை அவருடைய பொறுமைக்குக் கிடைத்த பரிசாகக் கூறுதல் இனிதாகவே இருக்கும். எனினும் அவ்வாறு கூறுதல் இதுகாறும் ஆராய்ந்த உண்மைக்கு மாறானது. அன்று அவர் தோற்றிருப்பின் அவருடைய ஏட்டில் தோல்விகள் 22 ஆகவும், அணியின் ஏட்டில் 120 ஆகவும் இருந்திருக்கும். அதற்குமுன் அவர் களத்துக்குச் சென்ற 32 தடவைகளின் பெறுமதி அதனால் ஓர் அணுவளவும் குறைந்திருக்காது.